நீதிமன்றத்தின் படிகள்



எங்கள் பொங்கலூரிலிருந்து பெருஞ்சாலை வழியே மேற்கு நோக்கிச் சென்றால் பல்லடம் வரும். அங்கே நீதிமன்றம் இருக்கிறது. வேலை நாட்களில் காலைப் பேருந்தில் ஏறுகிறவர்களுள், மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, எவரோடும் பேசாமல், சன்னல் வழியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரையாவது காணலாம். அந்தப் பையில் பத்திரம் இருக்கும், பட்டா இருக்கும், அடுத்த நாள் குறித்த துண்டுச் சீட்டு இருக்கும். பக்கத்தில் இருப்பவர், “வாய்தாவுங்களா?” என்று கேட்பார். “ஆமாங்க” என்று இவர் சொல்லுவார். அதற்குமேல் பேச்சு நடவாது. ஆசுபத்திரிப் படியையும் கோர்ட்டுப் படியையும் மிதிக்காமல் வாழ வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெரியோர்களின் வாழ்த்து. ஆனால் மிதிக்க வேண்டிய நாள் ஒன்று வந்துவிட்டால், அந்தப் படிகள் நமக்காக உறுதியாக இருக்க வேண்டும் அல்லவா? அந்தப் படிகளைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகின்றேன்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். 34 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் சுண்ணக்கட்டி பிடித்தவன். அந்த 34 ஆண்டுகளில் ஒரே ஒரு முறை சாட்சிக் கூண்டில் ஏறினேன். அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டதைப் பேச்சின் இறுதியில் சொல்லுவேன். அதற்கு முன், நம் நாட்டில் நீதிமன்றம் என்னும் அமைப்பு எவ்வாறு நிற்கிறது, அதில் அமரும் நீதிபதிகள் எவ்வாறு வருகின்றனர் என்பதை நாம் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

வழக்கு என்பது ஆங்கிலேயர் கொண்டுவந்த பொருள் என்று சிலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அறங்கூறவையம் என்னும் சொல் நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் ஒரு முழு வழக்கு விசாரணையே நடைபெறுகிறது. சுந்தரருடைய திருமணப் பந்தலில் ஒரு முதியவர் வந்து நின்று, “இவன் எனக்கு வழிவழி அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது” என்கிறார். சுந்தரர் சினந்து அந்த ஓலையைப் பறித்துக் கிழித்து விடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் என்ன செய்தனர்? மணக்கோலத்தில் வந்த இளைஞனுக்கு இரங்கி முதியவரைத் துரத்தி விடவில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் எதனைக் கொண்டு மெய்ப்பிக்கப் போகிறீர் என்று கேட்டனர். அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி என்று இன்று நாம் கூறுகின்ற மூன்றும் இவையே.

கிழிக்கப்பட்டது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றார் முதியவர். அதையும் இவன் கிழித்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் அஞ்சியபோது, அவ்வாறு நடக்க விடமாட்டோம் என்று அவை உறுதி அளித்தது. கரணத்தான் ஓலையை விரித்துப் படித்தான். சாட்சிக் கையெழுத்து இட்டவர்கள் தங்கள் எழுத்தை ஒப்புக்கொண்டனர். அதோடும் அவை நிற்கவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டும் ஒத்திருந்தன. சுந்தரர் தோற்றார். பக்திக் கதையாக இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு வழக்கின் கதையாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மூலத்தைக் கேட்பது, சாட்சியை விசாரிப்பது, கையெழுத்தை ஒப்பிடுவது, வலியவனுக்கும் வேண்டியவனுக்கும் சாயாமல் முடிவு சொல்லுவது ஆகிய அனைத்தும் அங்கே இருக்கக் காணலாம்.

இனி, இன்றைய படிகளுக்கு வருவோம். நிலம், வீடு, கடன், பாகப் பிரிவினை போன்றவற்றைப் பற்றிய வழக்குகளை உரிமையியல் வழக்குகள் என்கிறோம். திருட்டு, அடிதடி, கொலை போன்றவற்றைக் குற்றவியல் வழக்குகள் என்கிறோம். உரிமையியல் வழக்குகளுக்கு முதற்படி, முன்சீப் கோர்ட்டு என்று மக்கள் நெடுநாளாக அழைத்து வரும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம். வழக்கின் மதிப்பு கூடினால் சார்பு நீதிமன்றம். அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். குற்றவியலில் முதற்படி நீதித்துறை நடுவர். கொடிய குற்றங்கள் அமர்வு நீதிமன்றத்துக்குச் செல்லும். மாவட்ட நீதிபதியே அமர்வு நீதிபதியாகவும் இருப்பார். அவர் மரண தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்து உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற இயலாது. ஓர் உயிரைப் பறிக்கும் அதிகாரத்தை ஒருவர் கையில் மட்டும் கொடுத்துவிடக் கூடாது என்னும் அச்சம் அதில் அடங்கியிருக்கிறது. அந்த அச்சம் நல்ல அச்சம்.

இவற்றுக்கெல்லாம் மேலே சென்னை உயர் நீதிமன்றம். அது 1862-ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் உரிமைப் பட்டயத்தினால் ஏற்பட்டது. கல்கத்தாவும் பம்பாயும் அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் பெற்றன. சென்னையில் நீங்கள் காணும் செந்நிறக் கட்டடம் 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894-ஆம் ஆண்டு முதல் 1977-ஆம் ஆண்டு வரை கலங்கரை விளக்கு எரிந்தது. இரவில் கடலில் வரும் மாலுமிக்கு வழி காட்டிய விளக்கும், பகலில் நிலத்தில் தவிப்பவனுக்கு வழி காட்டும் மன்றமும் ஒரே கூரையின்மேலும் கீழும் இருந்தன. மாநிலத்தின் பெயரும் மாறியது, நகரின் பெயரும் மாறியது; ஆயினும் ஆங்கிலத்தில் அந்த நீதிமன்றத்தின் பெயர் இன்றும் ‘மெட்ராஸ்’ என்றே வழங்குகிறது. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அதுவே உயர் நீதிமன்றம். அனுமதிக்கப்பட்ட நீதிபதிகளின் எண்ணிக்கை 75. தென் மாவட்ட மக்கள் அலையாமல் இருக்க 2004-ஆம் ஆண்டு சூலை 24-ஆம் நாள் மதுரையில் அதன் கிளை தொடங்கப்பட்டது.

அந்த உயர் நீதிமன்றத்தில் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தவர் திருவாரூர் முத்துசாமி ஐயர். தஞ்சை மாவட்டத்து உச்சுவாடியில் 1832-ஆம் ஆண்டில் பிறந்தவர். இளமையிலே தந்தையை இழந்தார். கிராமக் கணக்கரிடம் மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்துக்கு எடுபிடியாக வேலை பார்த்தார். தெருவிளக்கின் ஒளியில் படித்தார் என்று சொல்லப்படும் சிறுவர்களுள் அவரும் ஒருவர். 1877-ஆம் ஆண்டில் அவர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1893-ஆம் ஆண்டில் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். அவருடைய சிலை அந்த மன்றத்திலேயே இருக்கிறது. வெள்ளையர் மட்டுமே அமர்ந்த இருக்கையில் கணக்கர் வீட்டு எடுபிடிப் பையன் போய் அமர்ந்தான் என்றால், அந்த இடைவெளியைக் கடக்க அவனுக்குத் துணையாக இருந்தது எழுத்தும் எண்ணும்தான்.

இந்த வரிசையில் இன்னும் சிலரை மாணவர்கள் அறிய வேண்டும். மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியர் என்று படித்திருப்பீர்கள். அவர் தொழிலால் முன்சீப். 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் திரட்டித் தமிழில் தந்தவர். தீர்ப்பு என்பது வழக்காடும் குடியானவனுக்கே புரியவில்லை என்றால் அது யாருக்காக எழுதப்படுகிறது என்னும் கேள்வியை அந்த நாளிலேயே கேட்டவர் அவர். 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடம் அளித்தது. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டுமென்று 2006-ஆம் ஆண்டில் நம் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் அங்கே ஆங்கிலமே தொடர்கிறது. இது உங்கள் தலைமுறைக்கு மீதம் இருக்கின்ற வேலை.

1948-ஆம் ஆண்டில் இராசமன்னார் இங்கே முதல் இந்தியத் தலைமை நீதிபதியானார். ஆ. வரதராசன் 1973-ஆம் ஆண்டில் இந்த உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 1980-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்தவர்களுள் அவரே முதல்வர். பத்மினி சேசுதுரை 1986-ஆம் ஆண்டில் இந்த மன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1862 முதல் 1986 வரை ஒரு பெண்ணும் அந்த இருக்கையில் இல்லை என்பதைக் கழித்தல் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 124 ஆண்டுகள் என்று விடை வரும். நம் கொங்கு நாட்டுப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். பவானிக்கு அருகில் காடப்பநல்லூரில் உழவர் குடும்பத்தில் பிறந்து, தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக விளங்கிய ப. சதாசிவம் 2013-ஆம் ஆண்டில் இந்தியாவின் தலைமை நீதிபதியானார்.

நீதிபதிகளை எவ்வாறு தெரிந்தெடுப்பது? உலக நாடுகள் இன்றுவரை ஒன்றுபட்ட விடை காணாத கேள்வி இது. அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி நீதிமன்ற வரிசை உண்டு. அதற்குப் பக்கத்திலேயே கூட்டாட்சி அரசின் நீதிமன்ற வரிசை வேறாக நிற்கும். இரண்டு ஏணிகள் என்று சொல்லலாம். பெயர்களும் மயக்கம் தருவன. நியூயார்க்கு மாநிலத்தில் ‘சுப்ரீம் கோர்ட்டு’ என்பது வழக்கு முதலில் விசாரிக்கப்படும் இடம். அதன் உச்சி மன்றத்துக்கு மேல்முறையீட்டு மன்றம் என்று பெயர். டெக்சாசு மாநிலத்திலோ உச்சி மன்றங்களே இரண்டு. உரிமையியலுக்கு ஒன்று, குற்றவியலுக்கு மற்றொன்று. நம் நாட்டில் ஏணி ஒன்றுதான். பல்லடத்து முன்சீப் மன்றத்திலிருந்து தில்லி உச்ச நீதிமன்றம் வரை ஒரே வரிசை. மாநிலச் சட்டமாயினும் நடுவண் சட்டமாயினும் அதே நீதிபதி விசாரிக்கிறார்.

அமெரிக்காவின் கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் பெயர் குறிக்க, செனட் சபை இசைவு தருகிறது. அவர்கள் வாழ்நாள் முழுதும் பதவியில் இருக்கலாம். மாநில நீதிபதிகளோ பல மாநிலங்களில் தேர்தலில் நின்று வாக்குப் பெற்று வருகின்றனர். நீதிபதிகள் அனைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் கொண்டுவந்தது மிசிசிப்பி மாநிலம், ஆண்டு 1832. நம் முத்துசாமி ஐயர் பிறந்த அதே ஆண்டு. 1940-ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலம் ஒரு நடுவழி கண்டது. ஒரு குழு தகுதியுடையோரின் பெயர்களைத் தெரிந்து தரும், ஆளுநர் அவர்களுள் ஒருவரை அமர்த்துவார், சில காலம் கழித்து, “இவர் தொடரலாமா, வேண்டாமா?” என்று மக்களிடம் வாக்குக் கேட்பார்கள்.

நம் முன்னோர் மூன்றாவது வழி ஒன்றையும் அறிந்திருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஊராட்சி வாரியங்களுக்குக் குடவோலையில் பெயர் எடுத்ததைக் கூறுகின்றன. யார் பெயரையும் குடத்தில் போட்டுவிட முடியாது. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரும், அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது.

இன்று நம் முறை வேறு. கீழ்நிலை உரிமையியல் நீதிபதிகள் தேர்வெழுதி வருகின்றனர். மாவட்ட நீதிபதிகளை உயர் நீதிமன்றத்தைக் கலந்து ஆளுநர் நியமிக்கிறார். உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; பத்தாண்டு வழக்கறிஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ இருந்திருக்க வேண்டும்; 62 வயதில் ஓய்வு. யார் பெயரைப் பரிந்துரைப்பது என்பதில் 1993-ஆம் ஆண்டு முதல் மூத்த நீதிபதிகளின் குழுவே முதன்மை பெற்றிருக்கிறது. அதை மாற்றி ஓர் ஆணையம் அமைக்க நாடாளுமன்றம் செய்த அரசமைப்புத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015-ஆம் ஆண்டில் செல்லாது என்றது. நீதிபதிகளை நீதிபதிகளே தெரிந்தெடுப்பதா என்று கேட்போர் உண்டு. அரசியலார் கையில் விடுவதா என்று அஞ்சுவோரும் உண்டு. இரு தரப்பிலும் பொருள் இருக்கிறது.

தேர்தலா, நியமனமா என்று வகுப்பறையில் பட்டிமன்றம் நடத்தினால் மாணவர்கள் பெரும்பாலும் தேர்தல் பக்கமே கை தூக்குவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணினேன். எங்கள் ஆற்றின் வழக்கு அந்த எண்ணத்தைச் சற்று நிறுத்தி வைத்தது. அதனை விரிவாகச் சொல்ல வேண்டும்.

நொய்யல் ஆறு திருப்பூரின் நடுவே ஓடுகிறது. பனியன் கம்பெனிகள் பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப் பட்டறைகளும் பெருகின. துணியை வெளுக்கவும் சாயம் ஏற்றவும் உப்பும் வேதிப்பொருள்களும் வேண்டும். அந்தக் கழிவு நீர் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டி 1992-ஆம் ஆண்டில் முடிந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியது. பயிருக்கு என்று கட்டிய அணையைத் திறந்தால் பயிர் அழியும் என்னும் நிலை வந்தது. கீழே ஈரோடு, கரூர் மாவட்டங்களில் கிணறுகள் உப்பாயின, நிலம் கெட்டது, கால்நடைகள் குடிக்கும் நீரும் கெட்டது.

உழவர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவு, உரிமை பாதிக்கப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கேட்க வழி வைத்திருக்கிறது. எதிரில் இருந்தது ஒரு தனி மனிதர் அன்று. அன்னியச் செலாவணி ஈட்டும் ஒரு பெருந்தொழில். 2006-ஆம் ஆண்டு திசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி சுத்திகரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கெடுத்தவர் செலவு ஏற்க வேண்டும் என்னும் இந்த நெறியை, வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் 1996-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் நம் சட்டத்தின் பகுதியாக ஏற்றிருந்தது. திருப்பூர்த் தீர்ப்பையும் 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. அதற்குப் பிறகும் முழுமையாக நடைபெறாமையால், 2011-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள், 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்த மாதங்களை நான் மறக்க இயலாது. அப்போது நான் தலைமையாசிரியன். பட்டறையில் வேலை பார்த்த தந்தையர் வீட்டில் அமர்ந்தனர். வெளியூர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு என் மேசை முன் நின்றனர். சான்றிதழில் கையெழுத்திடும்போதெல்லாம் அந்த ஆணை சரிதானா என்று என் மனம் கேட்டது. என் கண்முன் நின்ற குழந்தையின் பசி எனக்குத் தெரிந்தது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் உப்பேறிய கிணற்றைப் பார்த்து நின்ற உழவர் வீட்டுக் குழந்தை என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீதிபதிக்கு இரண்டு குழந்தைகளும் தெரிய வேண்டும். அதுவே அவருடைய தொழில்.

இப்போது அந்தப் பட்டிமன்றக் கேள்விக்கு வாருங்கள். அந்த நீதிபதிகள் திருப்பூர் மக்களின் வாக்கைப் பெற்று வந்தவர்களாகவும், அடுத்த ஆண்டு மீண்டும் வாக்குக் கேட்க வேண்டியவர்களாகவும் இருந்திருந்தால், அந்த ஆணையை எழுதுவது அவர்களுக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்! தேர்தல் முறைக்கும் நன்மை உண்டு. மக்களை மறந்த நீதிபதியை அது மக்களிடம் திரும்பக் கொண்டுவரும். ஆயினும் பலர் விரும்பாத நியாயத்தைச் சிலருக்காகச் சொல்ல வேண்டிய நேரத்தில், வாக்குச் சீட்டுக்கு அஞ்ச வேண்டாத இருக்கை ஒன்று நாட்டில் எங்கேனும் இருந்தாக வேண்டும். பின்னர் அரசு உதவியது. சுத்திகரிப்பு நிலையங்கள் சீர்ப்பட்டன. ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. தொழில் அழிந்துபோகவில்லை. கழிவு நீரைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தும் முறையைத் திருப்பூர் கற்றுக்கொண்டது. ஆறு முழுதும் தேறிவிட்டது என்று நான் கூறமாட்டேன். கெட்ட நிலம் ஒரு தீர்ப்பினால் மறுநாளே விளைந்துவிடாது.

இனி, என் சாட்சிக் கூண்டுக் கதை. இதில் குற்றம் என்னுடையது. ஆகையால் மற்றவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் விட்டுச் சொல்லுகிறேன்.

1984-ஆம் ஆண்டு சூன் மாதம். நான் வேலையில் சேர்ந்த புதிது. தோட்டத்திலிருந்து ஒருவர் தம் பெண் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். “ஏனுங்க வாத்தியாரே, நாங்க ரெண்டு பேரும் காட்டு வேலைக்குப் போயிர்றோம். புள்ள தனியாக் கெடக்குது. சேத்துக்கோங்க” என்றார். பிறந்த தேதி கேட்டேன். “கார்த்திகைத் தீபத்துக்கு மறுநாளுங்க” என்றார் அவர். ஆண்டைக் கணக்கிட்டேன், நாலரை வயதுதான் ஆகியிருந்தது. ஐந்து நிறைந்தால்தான் சேர்க்கலாம். குழந்தையின் முகத்தைப் பார்த்தேன், இரக்கம் வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் 1-6-1979 என்று எழுதிவிட்டேன். அந்த நாளில் பல பள்ளிகளில் நடந்ததுதான். சூன் முதல் நாளில் பிறந்த பிள்ளைகள் நம் நாட்டில் எத்தனை பேர் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினால் நகைப்பு வரும். எனக்கும் நெடுநாள் அது நகைப்பாகவே இருந்தது.

27 ஆண்டுகள் கழிந்தன. மாறுதலில் சுற்றிவிட்டு அதே பள்ளிக்குத் தலைமையாசிரியனாகத் திரும்பி வந்திருந்தேன். 2011-ஆம் ஆண்டில் ஒரு நாள், சேர்க்கைப் பதிவேட்டோடு ஆஜராகும்படி ஒரு சார்பு நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது. பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் இருந்தது என் கையெழுத்து.

வழக்கு இதுதான். தந்தை இறந்த பிறகு, 1997-ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்தப் பெண்ணுக்குத் திருமணம் பேசிய நேரத்தில், அண்ணன் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறான். தோட்டத்தில் எனக்குப் பாகம் வேண்டாம் என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், அப்போது திருமணம் ஆகாதிருந்த மகளுக்கும் மகனைப் போலவே குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்துவிட்டது. 2005-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் மகள்களுக்கு அவ்வுரிமை வந்தது. அவளுக்குப் பாகம் உண்டு. அதனால்தான் கையெழுத்து தேவைப்பட்டது. பத்திரம் எழுதிய அன்று அவளுக்கு 18 வயது நிறைந்திருந்தால் அது செல்லும். நிறையவில்லை என்றால் செல்லாது. வயதுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது பள்ளிச் சான்றிதழ். நான் எழுதிய சூன் முதல் நாளின்படி 18 நிறைந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவள் தாய் அறிந்த கார்த்திகையின்படி இன்னும் மூன்று மாதம் குறைவு. நான் இரக்கப்பட்டு எழுதிய ஆறு மாதத்தில் அவளுடைய நிலம் போயிருந்தது.

சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பு அண்ணன் வந்தான். அவனும் என் மாணவன்தான். “சார், பொய் சொல்லச் சொல்லலீங்க. பதிவேட்டுல உள்ளபடி இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றான். பார்க்கப் போனால் அது உண்மையே. பதிவேட்டில் அப்படித்தான் இருந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அரசுப் பதிவேட்டில் தவறான தேதி எழுதினேன் என்று என் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன.

மறுநாள் கூண்டில் ஏறினேன். உறுதிமொழி எடுத்தேன். முதல் வழக்கறிஞர் கேட்டார். பதிவேட்டில் உள்ளபடி சொன்னேன். குறுக்கு விசாரணையில் பெண்ணின் வழக்கறிஞர் எழுந்தார். “இந்தத் தேதிக்குப் பிறப்புச் சான்று பார்த்தீர்களா?” என்று கேட்டார். “இல்லை” என்றேன். “பிறகு இந்தத் தேதி எங்கிருந்து வந்தது?” என்றார். நீதிமன்றத்தில் மின்விசிறியின் ஓசை மட்டும் கேட்டது. “சேர்க்கை வயதுக்குப் பொருந்துவதற்காக நான் எழுதியது. தந்தை சொன்னது கார்த்திகை மாதம்” என்றேன். நீதிபதி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனாரின் எழுத்தை ஒப்பிட்டார்கள் என்று வகுப்பில் எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! அன்று என் எழுத்தே எனக்கு எதிரே வந்து நின்றது.

பள்ளிப் பதிவேட்டில் உள்ள பிறந்த தேதி, எந்த ஆதாரத்தில் எழுதப்பட்டது என்று மெய்ப்பிக்கப்பட்டாலன்றி மதிப்புப் பெறாது என்று உச்ச நீதிமன்றம் 1988-ஆம் ஆண்டிலேயே கூறியிருப்பதைப் பின்னர் அறிந்தேன். கிராமப் பிறப்புப் பதிவேட்டிலிருந்து நகல் வரவழைத்தார்கள். அதில் 1979 திசம்பர் மாதம் இருந்தது. தீர்ப்பு அவள் பக்கம் ஆயிற்று. அண்ணன் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தான். இறுதியில் 2016-ஆம் ஆண்டில் மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் சமாதானம் ஆயினர். அவளுக்கு ஒரு பாகமும் கிணற்றில் தண்ணீர் உரிமையும் கிடைத்தன. 2008-இல் தொடுத்த வழக்கு முடிய எட்டு ஆண்டுகள். இந்தத் தாமதம் நம் நீதிமன்றங்களின் பெருங்குறை. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆயினும் அந்த எட்டு ஆண்டுகளுக்குத் தொடக்கம் என் பேனா முனையில் இருந்தது என்பதையும் நான் மறைக்கலாகாது.

வழக்கு முடிந்த பிறகு அவளை ஒரு முறை பேருந்தில் கண்டேன். “அம்மணி, என்னால் உனக்கு எவ்வளவு அலைச்சல்” என்றேன். “நீங்க சேத்துக்கலீன்னா நான் அந்த வருசம் பள்ளிக்கூடமே வந்திருக்க மாட்டனுங்க சார்” என்றாள் அவள். பெருந்தன்மையான சொல். ஆனால் என்னை விடுவிக்கும் சொல்லன்று.

மாணவச் செல்வங்களே, 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் போய், 2024-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் தொட்டுப் புதிய சட்டம் வந்திருக்கிறது. சட்டங்கள் மாறும். நீதிபதிகளைத் தெரிந்தெடுக்கும் முறையும் நாளை மாறலாம். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றும் மாறா. எவ்வளவு அறிவுடைய நீதிபதியாயினும், அவர் நிகழ்ச்சியை நேரில் கண்டவர் அல்லர். பிறர் எழுதியதையும் பிறர் சொன்னதையும் கொண்டே அவர் உண்மையைத் தேட வேண்டும். உங்களுள் சிலர் நாளை நீதிபதி ஆவீர்கள். பலர் ஆசிரியராகவும், கிராம அலுவலராகவும், மருத்துவராகவும், கணக்கராகவும் ஆவீர்கள். நீங்கள் இன்று எழுதும் ஒரு தேதியை, 27 ஆண்டுகள் கழித்து ஒரு நீதிபதி கையில் எடுத்துப் படிக்கக்கூடும். நீதிமன்றத்தின் முதற்படி பல்லடத்தில் இல்லை. பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் படியைக் கோணலாகக் கட்டியவன் நான். நீங்கள் நேராகக் கட்டுங்கள்.